எழுவாய் எங்கே?

போரை நினைவூட்டும் சின்னங்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வென்றோர் எழுப்பியவை. வளைவுகளும் தூண்களும் குதிரைமீது அமர்ந்த சிலைகளும் அவ்வகையின. பண்டைத் தமிழர் நட்ட நடுகல்லும் களத்தில் பொருது வீழ்ந்த மறவனுக்கு உரியதே. வாளெடுக்காத முதியோருக்கும், பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த சிறாருக்கும், காலை உணவு சமைத்துக்கொண்டிருந்த தாய்மாருக்கும் கல் நடும் வழக்கம் மிகப் பிற்காலத்தது. போரில் ஈடுபடாதோர் போரில் ஈடுபட்டோரைவிட மிகுதியாக மடிந்த இருபதாம் நூற்றாண்டே அவ்வழக்கத்தைத் தோற்றுவித்தது. அவ்வகைச் சின்னங்களுள் தலையாயது ஜப்பானின் ஹிரோஷிமா நகரிலுள்ள அமைதி நினைவுப் பூங்கா. அதனைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குக் கண்டவற்றை அடுக்கிச் சொல்வதைவிட, அங்குள்ள ஒரு கல்வெட்டு வாக்கியம் நம்முள் எழுப்பிய வினாவை மாணவர் முன்னும் பெரியோர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூங்காவின் அமைப்பு

1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அமெரிக்க வானூர்தி ஒன்று வீசிய யுரேனியக் குண்டு, ஹிரோஷிமாவின் மேல் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 40 ஆயிரம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று பச்சைப் புல்வெளியும் நிழல் மரங்களுமாகக் காட்சிதரும் பூங்கா, அன்று நாகாஜிமா எனப்பட்ட நெருக்கமான குடியிருப்பு. வீடுகளும் கடைகளும் வழிபாட்டிடங்களும் நிறைந்த அப்பகுதி முற்றாக அழிந்தது. பூங்காவிற்குச் செல்வோர் நடப்பது ஓர் ஊர் இருந்த மண்ணின்மேல் என்பதை மறத்தலாகாது.

டாங்கே கென்சோ என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அமைந்த இப்பூங்கா 1954இல் நிறைவுற்றது. அருங்காட்சியகம், நினைவு வளைவு, அமைதிச் சுடர், அணுகுண்டுக் குவிமாடம் ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் அமைந்துள்ளன. வளைவின் முன் தலைதாழ்த்தி நிற்பவர் கண்ணுக்கு, அதனூடே சுடரும், சுடருக்கு அப்பால் ஆற்றின் மறுகரையில் சிதைந்த குவிமாடமும் தெரியும். 1964 ஆகஸ்டு முதல் நாள் ஏற்றப்பட்ட அச்சுடரைத் தாங்கும் பீடம், துஆக் கேட்கும்போது நாம் ஏந்தும் கைகளைப் போல வானோக்கி விரிந்துள்ளது. உலகின் கடைசி அணு ஆயுதமும் ஒழியும் நாள்வரை அச்சுடர் எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றும் அது எரிந்துகொண்டிருக்கிறது.

வளைவின் அடியில் ஒரு கற்பேழை உள்ளது. அன்றைய குண்டினால் இறந்தோர், பின்னர்ப் பல்லாண்டுகள் வாழ்ந்து இறந்த பாதிக்கப்பட்டோர் ஆகியோரின் பெயர்ப் பதிவேடுகள் அதனுள் வைக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் புதுப்பெயர்கள் சேர்க்கப்பெறும் அப்பதிவேடுகளில் இன்று 3 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அக்கற்பேழையின் முகப்பில் பொறிக்கப்பட்டதே நாம் குறித்த வாக்கியம்.

கல்வெட்டு எழுப்பிய சர்ச்சை

1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட அக்கல்வெட்டை இயற்றியவர் சாய்கா தடயோஷி. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர். தாமும் அக்குண்டிற்கு ஆளாகி உயிர் பிழைத்தவர். மொழி கற்பிக்கும் நம் போன்றோருக்கு அவர் ஒரு வகையில் உறவினர். இறந்தோரை அமைதியாக உறங்குமாறு வேண்டி, தவறு மீண்டும் நிகழாது என உறுதி கூறுவது அவ்வாக்கியம். ஜப்பானிய மொழியில் எழுவாய் இன்றியும் வாக்கியம் இயல்பாக அமையும். வினைமுற்றும் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் காட்டாது. ஆகவே, தவறு செய்தவர் யார், மீண்டும் செய்யமாட்டோம் என உறுதி தருபவர் யார் என்பது அவ்வாக்கியத்தில் வெளிப்படவில்லை.

சர்ச்சை உடனே எழுந்தது. அதனை எழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஓர் இந்தியர். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் நீதிபதியாக இருந்து, ஏனைய நீதிபதிகளினின்றும் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ராதாபினோத் பால், 1952ஆம் ஆண்டு இறுதியில் ஹிரோஷிமா வந்தபோது அக்கல்வெட்டைக் கண்டு கடிந்துரைத்தார். குண்டு வீசியவர் வேறொருவராக இருக்க, குண்டுக்கு இரையானோரின் நாட்டவர் மன்னிப்புக் கேட்பது போல் அமைந்த வாசகம் பொருந்தாது என்பது அவர் கருத்து. சாய்கா அதற்கு மறுமொழி கூறினார். தாம் கருதிய எழுவாய் ஜப்பானியரும் அல்லர், அமெரிக்கரும் அல்லர், மாந்தர் அனைவருமே என்பது அவர் விளக்கம். இன்றளவும் இவ்விரு கருத்துகளுக்கும் ஆதரவாளர் உளர்.

தமிழ் இலக்கணம் காட்டும் வழி

இவ்வாக்கியத்தைத் தமிழில் பெயர்க்க முயல்வோர் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திப்பர். தமிழ் வினைமுற்று தன் விகுதியாலேயே செய்தவனைக் காட்டிக்கொடுத்துவிடும். செய்யோம் என்றால் தன்மை. செய்யீர் என்றால் முன்னிலை. செய்யார் என்றால் படர்க்கை. எழுவாயை மறைக்கலாம், விகுதியை மறைத்தல் இயலாது. செய்யப்படாது எனச் செயப்பாட்டு வினையில் நழுவிச் செல்லலாம். ஆயின், அரசுகள் தம் குற்றங்களைப் பேசும்போது கையாளும் நடை அதுவே. குண்டு வீசப்பட்டது, மக்கள் கொல்லப்பட்டனர், தவறு நேர்ந்துவிட்டது என்றெல்லாம் அறிக்கைகள் வரும்; வீசியவரும் கொன்றவரும் அவற்றில் இடம்பெறார்.

ஆதலின் தமிழில் செய்யோம் என்றே பெயர்த்தல் தகும் என்பது நம் துணிபு. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கேட்போரை விலக்கி நாங்கள் என்பதும், கேட்போரை உளப்படுத்தி நாம் என்பதும் தமிழ் வழக்கு. கல்வெட்டு இறந்தோரை நோக்கிப் பேசுகிறது. இறந்தோர் இனித் தவறு செய்ய இயலாதவர். எனவே அவர்களுக்குக் கூறும்போது எழுவாய் நாங்கள் என்பதாகும். அதே கல்வெட்டைப் படித்துவிட்டு அருகில் நிற்பவரை நோக்கித் திரும்பும்போது எழுவாய் நாம் என மாறிவிடும். செய்யோம் என்னும் வினைமுற்றோ இரண்டிற்கும் பொது. மாண்டோருக்கு வாக்குறுதியும் வாழ்வோருக்கு அழைப்புமாக ஒரு சொல் நின்று பயன்தருகிறது.

ஆற்றுக்கு அப்பால் நின்ற கல்

ஆனால், மாந்தர் அனைவரும் எனக் கூறிவிடுவது எளிது. அந்த நாம் என்னும் வட்டத்துள் யார் யார் இடம்பெற்றனர் என்பதை ஆராய்ந்தால் அமைதிப் பூங்காவின் வரலாற்றிலேயே ஒரு நெருடல் புலப்படும். அன்று கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. உழைப்புக்கெனக் கட்டாயமாகக் கொணரப்பட்டோர் உள்ளிட்ட கொரியர் பல்லாயிரவர் ஹிரோஷிமாவில் இருந்தனர், பெருந்தொகையினர் மாண்டனர். அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் எழுப்பப்பட்டபோது அது பூங்காவினுள் இடம்பெறவில்லை. ஆற்றுக்கு அப்பால் நின்றது. ஆமையின் முதுகில் நிற்கும் அக்கல் 1999ஆம் ஆண்டுதான் பூங்காவினுள் மாற்றி நிறுவப்பட்டது. இறந்த பின்னும் எல்லைக்கு வெளியே 29 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அமைதிக்கென எழுந்த இடத்திலும் நம்மவர், அயலார் என்னும் பிரிவினை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் சமுதாயத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. போர்க்காலத்தில் ஜப்பான், தான் கைப்பற்றிய தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 இளைஞரை உயர்கல்விக்கென அழைத்துச் சென்றது. அவர்களுள் சிலர் 1945இல் ஹிரோஷிமாவில் பயின்றுகொண்டிருந்தனர். மலாயாவைச் சேர்ந்த நிக் யூசுப் அக்குண்டினால் ஹிரோஷிமாவில் உயிர் துறந்தார். ஜொகூரைச் சேர்ந்த சையித் உமர், ஊர் திரும்பும் நம்பிக்கையோடு டோக்கியோ நோக்கிப் புறப்பட்டவர், வழியில் கியோத்தோவில் செப்டம்பர்த் தொடக்கத்தில் மறைந்தார். அவருடைய கல்லறை இன்று கியோத்தோவின் என்கோஜி என்னும் புத்தக் கோயில் வளாகத்தில் உள்ளது. உயிர் பிழைத்தவர்களுள் ஒருவரான பெங்கிரான் யூசுப், புரூணையின் தேசியப் பண்ணை எழுதியவர். பிற்காலத்தில் அந்நாட்டின் முதலமைச்சராகவும் விளங்கினார். கல்வி தேடிச் சென்ற முஸ்லிம் மாணவர் அந்நகரில் மாண்டதும், அவர்களுள் ஒருவரது கல்லறையைப் புத்தத் துறவியர் தம் வளாகத்தில் ஏற்றதும், மாணவர் நினைவில் நிறுத்தத்தக்கவை.

இருப்புப்பாதையும் அணுகுண்டும்

இங்கு ஒரு தடை எழலாம். ஜப்பான் மட்டும் குற்றமற்றதா? நான்ஜிங்கிலும் சிங்கப்பூரிலும் அதன் படை செய்தவை மறக்கத்தக்கனவா? இவ்வினாவைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று. தமிழரைப் பொறுத்தவரை அது நம் வீட்டு வினாவும் ஆகும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஜப்பானியப் படை அமைத்த இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களுள் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். பசியாலும் வாந்திபேதியாலும் அடியாலும் அவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அப்பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ 7 ஆயிரம் பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. அவர்களினும் பன்மடங்கு தொகையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை.

அணுகுண்டுக் குவிமாடத்தை 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அமெரிக்கா விலகி நின்றது. சீனாவும் தயக்கம் தெரிவித்தது. ஆசிய மக்கள் பட்ட துன்பத்தை மறைக்க இச்சின்னம் பயன்பட்டுவிடுமோ என்பது சீனாவின் அச்சம். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆயினும், இருப்புப்பாதையில் மாண்ட தமிழனுக்கு ஈடாக ஹிரோஷிமாவின் குழந்தையைக் கணக்கில் வைத்தல் எவ்வகை நீதி? குண்டு வீழ்ந்தபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்து, பன்னிரண்டாம் வயதில் 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த சசாகி சடாகோ எந்தப் பாதையையும் அமைக்கவில்லை. பழிக்குப் பழியைக் கழித்துச் சமன் செய்ய முனைவோர் ஈற்றில் இருதிறத்து எளியோரையும் இழந்து நிற்பர். இரு துயரங்களையும் ஒருசேர நினைப்பதே அறம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அரசியல். 1994இல் விரிவாக்கப்பெற்ற ஹிரோஷிமா அருங்காட்சியகம், அந்நகர் ஜப்பானியப் படையின் முதன்மைத் தளங்களுள் ஒன்றாக விளங்கிய வரலாற்றையும் காட்சிக்கு வைத்தது. தன் துயரைச் சொல்லும் இடத்திலேயே தன் பங்கையும் சொல்ல முற்பட்ட அத்துணிவைப் பாராட்டுதல் வேண்டும்.

நம் கடமை

அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் இன்று ஒன்பது. நம் நாடும் அவற்றுள் ஒன்று. 1974இலும் 1998இலும் பொக்ரானில் நாம் சோதனை நடத்தினோம். அணு ஆயுதத் தடை உடன்படிக்கை 2017இல் ஐக்கிய நாடுகள் அவையில் நிறைவேறி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இந்தியாவும் இணையவில்லை, ஜப்பானும் இணையவில்லை. பாதிக்கப்பட்டோரின் அமைப்பான நிகோன் ஹிடான்கியோவுக்கு 2024இல் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பெற்றது. ஆயின் பரிசளித்துப் பாராட்டிய உலகம் குண்டுகளைக் கைவிடவில்லை. பாதுகாப்புக்கு அவை இன்றியமையாதன எனக் கருதுவோர் நம்மிடையே உளர். அவர்தம் நாட்டுப்பற்றை நாம் ஐயுறவில்லை. ஆயினும், செய்யோம் என்னும் சொல்லுக்கு எழுவாயாக நாமும் இருக்கிறோம் என்பதை அவர்களும் மறுத்தல் இயலாது.

மாணவச் செல்வங்களே! ஹிரோஷிமா தொலைவில் உள்ளது. எல்லோரும் சென்று காண்பது எளிதன்று. ஆயின் நினைவைக் காக்கும் பணிக்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. நம் ஊர்களில் மலாயாவோடும் பர்மாவோடும் தொடர்பற்ற தெருக்கள் சிலவே. போர்க்காலத்தில் அங்குச் சென்று திரும்பாத பாட்டனார் ஒருவரைப் பற்றிய பேச்சு எத்தனையோ வீடுகளில் இன்றும் உண்டு. அப்பெயர்கள் எந்தக் கற்பேழையிலும் இல்லை. அவற்றை நேரில் கண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்களிடம் கேட்டறிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களிடம் சென்று, பெயரையும் ஊரையும் புறப்பட்ட ஆண்டையும் கேட்டு எழுதி வாருங்கள். ஒரு துறை மாணவர் ஓராண்டு முயன்றால் ஒரு பதிவேடு உருவாகும். அப்பதிவேட்டில் இன்னார் இறந்தார் என்பதோடு நின்றுவிடாமல், இன்னார் இவரை அழைத்துச் சென்றனர் என்பதையும் எழுவாயோடு எழுதுங்கள்.