ஆயா சொன்ன பாட்டு, அம்மா எழுதின நோட்டு

போன மாதம் பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணில் இருந்து இறங்கிய மூட்டைகளில், பித்தளை அண்டாவுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அட்டையில் அம்மாவின் பெயர், ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு, பாடம்: கணக்கு. திறந்தால் கணக்கு மூன்று பக்கத்தோடு முடிந்துவிட்டது. மீதி எல்லாம் பாட்டு.

"ஆயா சொல்லச் சொல்ல எழுதினது. மழை லீவுல பொழுது போகல. பழைய பேப்பர்காரர் வந்தா போட்டுடுடி" என்றார் அம்மா, துடைப்பத்தை நிறுத்தாமலே.

எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம். இந்த ஆயா செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் விளைந்த வயல்களில் நாற்பது வருடம் நடவும் களையெடுப்புமாக இருந்தவர். நோட்டில் பதினேழு பாட்டு எண்ணினேன். தாலாட்டு, நடவுப் பாட்டு, கணக்குப்பிள்ளையைக் கிண்டலடிக்கும் ஒரு பாட்டு, கடைசியில் ஐந்தாறு ஒப்பாரி. ஏழாம் வகுப்புக் கையெழுத்து, ஏழாம் வகுப்புப் பிழைகள். ஒரு பாட்டுக்கும் மெட்டு இல்லை. அதை எப்படி எழுதுவது என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

பேப்பர்காரர் வந்தார், போனார். நோட்டு என் பையில் இருக்கிறது. அன்றிலிருந்து, பாட்டு எழுதின நோட்டுகள் எங்கெல்லாம் பிழைத்தன என்று தேடுவதே எனக்கு வேலையாகிவிட்டது.

முதல் பதில் பக்கத்திலேயே கிடைத்தது. போரூரில் இருந்து குன்றத்தூர் போகிற வழியில் கோவூர். புதன் பரிகாரத் தலம் என்று பலருக்குத் தெரியும். சங்கீதக்காரர்களுக்கு அது 'கோவூர் பஞ்சரத்னம்'. தியாகராஜ சுவாமிகள் (1767-1847) தன் முதிய வயதில் சென்னைப் பக்கம் வந்தபோது, பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார். முதலியாரின் சொந்த ஊர் கோவூர். அங்கே அழைத்துப்போய்த் தன்மேல் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார் என்றும், சுவாமிகள் மனிதரைப் பாட மறுத்துவிட்டுக் கோயிலில் இருந்த சுந்தரேஸ்வரரைப் பாடினார் என்றும் கதை. கதை எப்படியோ, பாட்டு ஐந்தும் இருக்கின்றன. சஹானாவில் 'ஈ வசுதா', கரஹரப்ரியாவில் 'கோரி ஸேவிம்ப', பந்துவராளியில் 'சம்போ மஹாதேவ', கல்யாணியில் 'நம்மி வச்சின', சங்கராபரணத்தில் 'சுந்தரேஸ்வருனி'.

ஒரு பயணத்தில் பிறந்த ஐந்து பாட்டு இத்தனை வருடம் எப்படித் தங்கின? பாட நிறையப் பேர் இருந்தார்கள் என்பது பாதி பதில். மீதிப் பாதி, எழுதி வைக்க ஆள் இருந்தது. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் என்ற சீடரும் அவர் மகன் கிருஷ்ணசுவாமி பாகவதரும் குருவின் பாடல்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்தார்கள். குருவின் வாழ்க்கைக் குறிப்பையும் எழுதினார்கள். அந்தச் சுவடிகள் இன்று மதுரையில் சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. 'வாலாஜாபேட்டைச் சுவடிகள்' என்று தனிப்பெயரே உண்டு. உமையாள்புரம், தில்லைஸ்தானம் சீடர்கள் வழியிலும் பாடல்கள் வந்தன. ஒரு குருவுக்கு மூன்று பக்கத்தில் நினைவு. அப்புறம் எப்படித் தொலையும்?

கோவூர்ப் பாதையில் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அன்று சுவாமிகள் வந்த வழியில் இரண்டு பக்கமும் வயல்தான் இருந்திருக்கும். நடவுக் காலமென்றால் சேற்றில் குனிந்திருந்த பெண்களும் பாடிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்கள் பாடியதை யாரும் எழுதவில்லை. இன்று அந்த வயல்களும் இல்லை. 'மூன்று படுக்கையறை, வாஸ்துப்படி' என்று போர்டு நிற்கிறது.

வயல் பாட்டை யாருமே எழுதவில்லை என்றும் சொல்ல முடியாது. 1871-லேயே சார்லஸ் கோவர் என்பவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார், ஆங்கிலத்தில். தமிழில் மு. அருணாசலம் 1943-ல் 'காற்றிலே மிதந்த கவிதை' கொண்டுவந்தார். பேராசிரியர் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-ல் வந்தது.

இவற்றுக்கு நடுவில் எனக்குப் பிடித்தது 'மலையருவி'. பெர்ஸி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி இங்கே வேலை பார்த்த காலத்தில் நாடோடிப் பாடல்களாகச் சேர்த்திருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரி பாட்டு கேட்டால் எந்தப் பெண் கூச்சப்படாமல் பாடியிருப்பார் என்பது வேறு விஷயம். அந்தத் தொகுப்பு தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. 'கலைமகள்' ஆசிரியராக இருந்த கி.வா. ஜகந்நாதன் அதைப் பதிப்பித்துக் கொடுக்க, 1958-ல் நூலாக வந்தது. வேலைக்கு வந்த அதிகாரி கேட்டது, ராஜாக்களின் சுவடிகள் இருக்கும் நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஆயா பாடியது பரண்மேல் அண்டாவுக்குள்.

தேடலில் ஸ்காட்லாந்தும் வந்தது. எங்கே ஸ்காட்லாந்து, எங்கே பூந்தமல்லி என்று நினைக்காதீர்கள். அம்பத்தூர், ஆவடி பாட்டு கிளாஸ்களில் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித் தருகிற முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றனவே, அவை ஆங்கிலேயர் பேண்டுகள் வாசித்த மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் எழுதியவை. 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் அது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. இன்னொன்று 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்கிற ஸ்காட்லாந்து நடன மெட்டு. ஆக, அந்த ஊர்ப் பாட்டு நம் வீட்டுப் பாய்வரை எப்போதோ வந்துவிட்டது.

அந்த ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் கேவின் கிரெக் என்று ஒரு பள்ளி ஆசிரியர், ஜேம்ஸ் டங்கன் என்று ஒரு பாதிரியார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவரும் விவசாயிகள், வேலைக்காரப் பெண்கள், வண்டிக்காரர்கள் என்று கேட்டுக் கேட்டு 3,000-க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேர்த்தார்கள். கிரெக் கண்டுபிடித்த வழி எங்கள் தொழில்காரர்களுக்குப் பெருமை தரக்கூடியது: உள்ளூர் வாரப் பத்திரிகையான 'பக்கன் அப்சர்வ'ரில் 1907 முதல் 1911 வரை ஒரு பத்தி எழுதினார். இந்த வாரம் ஒரு பாட்டைப் போடுவார், உங்கள் ஊரில் இதை எப்படிப் பாடுகிறீர்கள் என்று கேட்பார். வாசகர்கள் எழுதி அனுப்பினார்கள், வாரா வாரம்.

அப்படி அனுப்பியவர்களில் பெல் ராபர்ட்சன் என்ற பெண்மணி ஒருவரே கிட்டத்தட்ட 400 பாட்டு கொடுத்திருக்கிறார். அவர் பாட மாட்டார், சொல்லத்தான் செய்வார். அதனால் அவர் தந்தவற்றில் வார்த்தை மட்டும் உண்டு, மெட்டு இல்லை. இதைப் படித்ததும் அம்மாவின் கணக்கு நோட்டை எடுத்து ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கிரெக் 1914-ல் இறந்தார், டங்கன் 1917-ல். சேர்த்தது எல்லாம் அபர்டீன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அது முழுசாக எட்டுத் தொகுதிகளாக அச்சில் வர 1981-ல் இருந்து 2002 வரை ஆனது. ஆனால் வந்தது. ஏனென்றால் யார் பாடினார், எந்த ஊர் என்று பெரும்பாலானவற்றில் குறித்திருந்தார்கள். குறிப்பு இருந்தால் நூறு வருடம் கழித்தும் ஒருவர் பிரித்து வேலை செய்யலாம்.

நாம் என்ன செய்கிறோம்? ரெக்கார்ட் செய்கிறோம். நானே மூன்று வருடத்துக்கு முன் ஆயாவின் தாலாட்டை போனில் பிடித்தேன். அந்த போன் ஒரு மழையில் செத்துப்போனது, பாட்டும் போயிற்று. அப்படியே இருந்திருந்தாலும் ஃபைலின் பெயர் வெறும் எண்தான். என் பேத்திக்கு அது யார் குரல் என்று தெரிந்திருக்காது. இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பாட ஆரம்பிக்கும் முன் பாடுபவரையே பேசவைத்து விடுகிறேன்: பேர், ஊர், யாரிடம் கற்றது, எப்போது பாடுவது. நடுவில் மறந்து நின்றாலும் நான் நிறுத்துவதில்லை, அந்த யோசனையும் பதிவில் இருக்கட்டும். அன்று இரவே இன்னொரு இடத்தில் ஒரு நகல். உங்கள் வீட்டில் ரேஷன் கார்டு உறைக்குள்ளோ, தையல் மெஷின் டிராயரிலோ இப்படி ஒரு நோட்டு இருந்தால், இப்போதே முதல் பக்கத்தில் பேரையும் ஊரையும் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

போன ஞாயிறு நோட்டோடு ஆயா வீட்டுக்குப் போனேன். ஆயாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லை. 'நடவுப் பாட்டு' என்று அம்மா தலைப்புப் போட்டிருந்ததைப் படித்தேன். இரண்டாவது அடியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாத்த எழுதிக்கிறா உங்கம்மா? இது நடவுக்குப் பாடறது இல்ல கண்ணு. களையெடுப்புக்கு. நடவுக்குன்னா கை வேகமா போவணும்."

சொல்லிவிட்டுப் பாடினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வலது கை எதையோ பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் போட்டது. எழுத்தில் நான்கு அடி இருந்த பாட்டு பதினோரு நிமிடம் போயிற்று. நோட்டில் இல்லாத நான்கு வயல்களின் பெயர், ஒரு மதகின் பெயர், பக்கத்து நிரையில் நின்ற தோழியின் பெயர் எல்லாம் அதற்குள் வந்தன. கூடவே வந்திருந்த அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, தன்னை அறியாமல் ஈற்றடியை வாங்கிப் பாடினார். அவருக்கு மெட்டு தெரியும் என்று நாற்பது வருடமாக எங்கள் யாருக்கும் தெரியாது!

நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது ஆயா வாயை மூடிக்கொண்டார். ஒப்பாரி. சாவு விழாத வீட்டில் அதைப் பாடக் கூடாது. எத்தனை கெஞ்சியும் முடியாது என்றுவிட்டார். அம்மாவும் "வேணாம் விடுடி, பொழுது சாயற நேரத்துல" என்று விளக்கேற்றப் போய்விட்டார். அப்படியானால் அன்று அம்மாவுக்கு மட்டும் எப்படி எழுதக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அதுவா, ஏரிக்கரை மேல குந்திகினு சொன்னது. வீட்டுல இல்ல."

வருகிற ஞாயிறு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். கரைமேல் ஏற ஆயாவுக்கு முட்டி ஒத்துழைக்க வேண்டும், மழையும் வராமல் இருக்க வேண்டும். போனை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு எடுத்துப் போகிறேன்.