"ப்ரொடக்‌ஷன்" மாத்திரையாம்!

ஜிம் பசங்க பேச்சில் இப்போ ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது. "ப்ரொடக்‌ஷன்". நீங்க நினைக்கிறது இல்லை :-) டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கிறவன் கூடவே முழுங்குற மாத்திரைக்குத்தான் இந்தப் பேர். டமாக்ஸிஃபென், குளோமிஃபீன், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இப்படி. "ஊசி போட்டா சைடு எஃபெக்ட் வரும், இதைப் போட்டா அது வராது, பயப்படாதே மச்சி" என்பதுதான் லாஜிக். என் கருத்து நேர் எதிர். இந்த மாத்திரை தர்ற முதல் பக்கவிளைவே அந்தத் தைரியம்தான். ஊசிக்குப் பயந்து தள்ளி நின்னவனையும் உள்ளே இழுத்து விடுகிறது.

முதல்ல விஷயம் என்னன்னு பார்த்துடலாம். (நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனா படிச்சுப் பார்க்க டாக்டரா இருக்கணும்னு இல்லையே.) ஆம்பளை உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கு. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சின்னப் பங்கை அரோமடேஸ் என்கிற என்சைம் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு இருக்கிற இடத்தில் இந்த வேலை நன்றாகவே நடக்கும். வெளியிலிருந்து அளவுக்கு மீறி ஊசி ஏற்றினால் ஈஸ்ட்ரோஜனும் கூடவே ஏறும். மார்பு வீங்கும், உடம்பில் நீர் கோக்கும். பையன் மிரண்டு போவான். அப்போ ஒரு சீனியர் மாத்திரை அட்டையை நீட்டுவார்.

அதில் ரெண்டு வகை. டமாக்ஸிஃபெனும் குளோமிஃபீனும், ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய சீட்டில் முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிச்சுடும். லெட்ரோசோலும் அனஸ்ட்ரோசோலும் அந்த என்சைமையே முடக்கி, ஈஸ்ட்ரோஜன் உருவாகிறதையே நிறுத்தப் பார்க்கும். எங்க பாஷையில் சொன்னா, ஒரு பேட்ச் போட்டதால வந்த பக்கை அமுக்க இன்னொரு பேட்ச். அது எங்கே போய் முடியும்னு ராத்திரி சப்போர்ட்டில் முழிச்சவனைக் கேளுங்க.

போன வருஷம் ஆபீஸ் பசங்க ஆறு பேர் பைக்கில் ஜவ்வாது மலைக்குப் போனோம். போளூர் வழியா ஏறி ஜமுனாமரத்தூர். பீமன் அருவிக்கு இறங்கும்போது, எங்களில் பெரிய உடம்புக்காரன், இருபத்தேழு வயசு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு பாதி வழியில் உட்கார்ந்துட்டான். காலையில் எழுந்தா விரலை மடக்கவே முடியலையாம். விசாரிச்சா, நாலு மாசமா லெட்ரோசோல். சொல்லிக் கொடுத்தது ஜிம் டிரெயினர். அந்த நேரம் பார்த்து, தோளில் பலாப்பழத்தோட மலைக்காரப் பெரியவர் ஒருத்தர், காலில் செருப்புகூட இல்லாம எங்களைத் தாண்டி மேலே ஏறினார். "இன்னா தம்பி, கால் சுளுக்கிக்கிச்சா?"ன்னு கேட்டார். நம்மாளு "ஆமாங்கய்யா"ன்னுட்டான். வேற என்ன சொல்வான்?

மருந்துதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அவ்வளவு வெயிட் தூக்குறவனுக்கு முட்டி வலிக்க வேற காரணமும் இருக்கும். ஆனா மார்பகப் புற்றுநோய்க்காக இந்த வகை மருந்தைச் சாப்பிடுகிற பெண்கள் பலர் பாதியிலேயே நிறுத்திவிட முக்கியமான காரணங்களில் ஒன்று மூட்டு வலி. எலும்பு தேய்வது இன்னொரு தொல்லை, அதற்காக அவர்களுக்கு எலும்பு அடர்த்தி சோதனையே தனியாக எடுப்பார்கள். அவங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை, பொறுத்துக்கிறாங்க. இவன் எதுக்காகப் பொறுத்துக்கணும்?

"ஈஸ்ட்ரோஜன் பொம்பளை ஹார்மோன், அது நமக்கு எதுக்கு" என்கிற நினைப்புதான் எல்லாத்துக்கும் அடிப்படை. 1994ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார்கள். வயசு 28. பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு, அதனால் அவர் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் சரியாகத்தான் இருந்தது. உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்பின் முதிர்ச்சி பதினைந்து வயசுப் பையனுக்கு உள்ளது போல. அடர்த்தியோ வயசானவங்களுக்கு வருகிற மாதிரி குறைந்து போயிருந்தது. ஆம்பளையின் எலும்பு முதிர்ந்து கெட்டிப்படவும் ஈஸ்ட்ரோஜன் வேணும்னு அவரால்தான் தெளிவாச்சு.

அடுத்தது இன்னும் சுவாரசியம். 2013ல் வெளிவந்த ஆய்வு. 20லிருந்து 50 வயதுக்குள் இருந்த ஆரோக்கியமான ஆண்களுக்கு, சொந்த ஹார்மோன் சுரப்பை மருந்தால் நிறுத்திவிட்டு, வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கூடவே அனஸ்ட்ரோசோல். தசையும் பலமும் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பொறுத்து இருந்தது, சரி. ஆனா உடம்பில் கொழுப்பு ஏறியது முக்கியமாக ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால்! ஆசை குறைந்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. கொழுப்பைக் குறைச்சு "கட்ஸ்" காட்டணும்னு இதை முழுங்குறவன் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். ஊசி ஏத்துறவன் உடம்பும் ஆய்வில் இருந்தவங்க உடம்பும் ஒண்ணு இல்லைன்னு நீங்க வாதாடலாம். நியாயம்தான். ஆனா தன் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடவா குறைவான்னு பார்க்காமலேயே அட்டையைப் பிரிக்கிறவனுக்கு அந்த வாதம் எப்படி உதவும்?

துண்டு போடுகிற வகையும் சாது இல்லை. டமாக்ஸிஃபெனில் ரத்தக்கட்டு அபாயம் உண்டு. கால் நரம்பில் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆளே காலி. ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கும், அதுக்கு மேல இது. குளோமிஃபீனில் கண். பார்வை மங்கும், வெளிச்சம் பளிச் பளிச்சென்று தெரியும், பார்த்த உருவம் கண்ணிலேயே நிற்கும். அபூர்வமாகச் சிலருக்கு நிறுத்தின பிறகும் சரியாவதில்லை.

இதில் எனக்குக் கடுப்பேற்றும் விஷயம் ஒண்ணு. 2011 அக்டோபரில் மத்திய அரசு, பெண்களின் குழந்தையின்மை சிகிச்சையில் லெட்ரோசோல் கொடுப்பதைத் தடை செய்தது. டாக்டர் மேற்பார்வையில், சில நாள் மட்டும் தருகிற மாத்திரை அது. பெரிய சண்டையே நடந்தது. பிற்பாடுதான் தடை நீங்கியது. அதே லெட்ரோசோலை நம்ம பையன் மாசக்கணக்கில், டாக்டரும் இல்லாம, சீட்டும் இல்லாம சாப்பிடுறான். ஒரு நாய் கேட்கலை.

எல்லாம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் 2019ஆம் வருடக் கணக்கில் இந்தியா மூணாவது இடம், 152 விதிமீறல். அதில் 57 பாடிபில்டிங். இந்த மாத்திரைகளும் போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் தடைதான். 2016ல் ஜான் ஜோன்ஸ், பிராக் லெஸ்னர் ரெண்டு சண்டை வீரர்களும் குளோமிஃபீனில் மாட்டி ஒரு வருஷம் தடை வாங்கினாங்க. ஜோன்ஸ் கேஸில் லெட்ரோசோலும் உண்டு. டாக்டர் குழுவே வச்சுக்கக் கூடிய ஆளுங்களுக்கே அந்தக் கதி. திருப்பத்தூரிலோ போளூரிலோ ஷட்டர் கடை ஜிம்மில், "அண்ணன் சொன்னாரு"ன்னு முழுங்குறவனுக்கு யார் இருக்கா?

அண்ணன்களைத் திட்டறதில் பாதி நியாயம்தான் இருக்கு. சீட்டு கேட்காம கொடுக்கிற மெடிக்கல் ஷாப்பை யாரும் திட்டறதில்லை. டிகிரி காய்ச்சலுக்கு ஆயிரம் கேள்வி கேட்கிற அதே கவுன்ட்டரில் புற்றுநோய் மருந்து அட்டை அட்டையாகப் போகுது. வாங்குறவன் இருபத்திரண்டு வயசு, கை தொடை மாதிரி இருக்கு. யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?

இப்போ ஏற்கெனவே சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு: போக வேண்டியது எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம். மாத்திரையை மட்டும் சொல்லி ஊசியை மறைச்சா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டையும் சொல்லுங்க. டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடையால், எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், கொலஸ்ட்ரால், ஹிமோகுளோபின் எல்லாம் பார்க்கச் சொல்வார், ரொம்ப நாளா சாப்பிட்டிருந்தா எலும்பு ஸ்கேனும் இருக்கலாம். மார்பில் கட்டி பழசாகி இறுகிப் போயிருந்தா மாத்திரை கரைக்காது, சர்ஜனைத்தான் பார்க்கணும். கண்ணில் வெளிச்சம் மின்னுதுன்னாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.