போர் தண்ணீரும் பல் கறையும்

கேள்வி: எங்கள் வீட்டுப் போர் 600 அடிக்கு மேல். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, உப்புக் கரிப்பும் இல்லை. ஆனாலும் 9 வயது மகனின் முன்பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் வந்துவிட்டன. பிளீச்சிங் பவுடர் போட்டு, கொதிக்கவும் வைத்துத்தான் குடிக்கக் கொடுக்கிறோம். 3 வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். வேறு என்ன செய்வது?
– ஒரு வாசகி, மேச்சேரி

பதில்: கறை எதனால் என்று பல் மருத்துவர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். ஆனால் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீர் குடிக்கும் வீட்டில் இப்படிக் கறை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபுளோரைடை. இங்குள்ள கடினப் பாறைகளிலேயே ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. தண்ணீர் பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும்போது அது கரைந்து இறங்குகிறது. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. ஒரே தெருவில் ஒரு போரில் அதிகமாகவும் அடுத்ததில் குறைவாகவும் இருக்கலாம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள 10 லிட்டர் தண்ணீரைக் கொதித்து 8 லிட்டராகச் சுண்டவிட்டால் அது 2.5 மில்லிகிராம் ஆகிவிடும். நல்லது என்று நினைத்துச் செய்வது இங்கே எதிராகப் போகிறது.

பிளீச்சிங் பவுடரும் இதற்கு உதவாது. அதிலுள்ள குளோரின், ஃபுளோரின், புரோமின், அயோடின் எல்லாம் ஒரே குடும்பம். உப்பீனிகள் என்று பெயர். பிற பொருள்களிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்வதே இவற்றின் குணம். பிளீச்சிங் பவுடரில் வரும் குளோரினுக்கு அந்தப் பசி இன்னும் அடங்கவில்லை, அதனால் கிருமியைத் தாக்குகிறது. சமையல் உப்பிலும் பொட்டாஷ் உரத்திலும் உள்ள குளோரைடு பசி அடங்கியது. தண்ணீரில் கரைந்த ஃபுளோரைடும் அப்படித்தான். அந்தக் குடும்பத்திலேயே பிடி இறுகியது ஃபுளோரின். குளோரினால் அதை அசைக்க முடியாது. கிருமிக்காகப் பிளீச்சிங் பவுடர் போடுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த மூட்டையை யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்து ஈரம் பட்டால் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உண்டாகலாம்.

முதல் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அளவு மீறியிருந்தால் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. மேச்சேரிக்கு மேட்டூர் கிட்டத்திலேயே இருக்கிறது. குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து, குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சோறு, குழம்பு, டீ எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். போர் தண்ணீரில் உலை வைத்தால் பாதிப் பயன்தான். குளிக்க, துவைக்க, செடிக்கு விட போர் தண்ணீர் போதும். மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. 100 சதுர அடி ஓட்டுக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டர் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு மூடிய தொட்டியில் பிடியுங்கள். இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடைப் பிரிக்கும். ஆனால் அது வெளியே தள்ளும் கழிவு நீரில் ஃபுளோரைடு முன்னைவிடக் கூடுதல். அதை ஆட்டுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், மேச்சேரி ஆட்டுக்கும் பல் தேயும், கால் தாங்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு. தண்ணீரைச் சோதித்து அளவு குறித்துப் போட வேண்டியது, கைக்கணக்கில் போட்டால் வினை.

மகனின் முன்பற்களில் ஏறிய கறை தண்ணீரை மாற்றினாலும் மறையாது. பல் மருத்துவர் ஓரளவு சரிசெய்வார். ஆனால் அதே தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அதைத் தடுக்க அவனுக்கும் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். நிலைத்த பற்களின் மேற்பூச்சு ஈறுக்குள்ளேயே ஏறக்குறைய 8 வயது வரை உருவாகிறது. உங்கள் மகளுக்கு இன்னும் 5 வருடம் கையில் இருக்கிறது. இந்த வாரமே தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ராகி, பால், கீரை தவறாமல் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்து, ஃபுளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். டீத்தூளில் ஃபுளோரைடு உண்டு, குழந்தைக்கு டீ வேண்டாம். பற்பசையைப் பட்டாணி அளவு வைத்தால் போதும், விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். அயோடின் உப்பை மட்டும் இதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். குடும்பம் ஒன்றானாலும் அயோடினின் வேலை வேறு, அது இல்லாவிட்டால் முன்கழுத்துக் கழலை வரும்.