பன்னிரண்டு வயதில் ஆரூடம் வேண்டாம்



காற்பந்து இரசிகர்களுக்கு ஆட்டம் பார்ப்பதைக் காட்டிலும் ஆரூடம் சொல்வதில்தான் ஆர்வம் மிகுதி. எந்த அணி இறுதியாட்டத்திற்குச் செல்லும், எந்த இளைஞர் மாநில அணியில் இடம்பிடிப்பார் என்னும் விவாதம் நம் தோட்டப்புற ஒட்டுக்கடைகளில் ஓய்வதே இல்லை. நெகிரி செம்பிலான் இரசிகர்கள் இதில் பொறுமைக்குப் பெயர் பெற்றவர்கள் என்றே கூறலாம். 1948இல் அன்றைய மலாயாக் கிண்ணத்தை வென்ற நம் மாநிலம், 2009இல் கிளந்தானை 3-1 என வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தைத் தொடும்வரை 61 ஆண்டுகள் காத்திருந்தது. 2011இல் திரங்கானுவை 2-1 என வென்று மீண்டும் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் சொல்லப்பட்ட ஆரூடங்களுக்குக் கணக்கில்லை. அவற்றால் எவருக்கும் நட்டமும் இல்லை.

ஆனால், ஆறாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவனைப் பார்த்து, “இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்” என்று நாம் சொல்லும் ஆரூடம் அத்தகையதன்று. அது ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தொடுகிறது. நாம் இதைப் போதிய கவனமின்றிச் செய்து வருகிறோம் என்பது என் கருத்து.

ஆரூடத்தை ஒரு பெரும் தொழிலாகவே நடத்தும் நாடு அமெரிக்கா. அங்கு ஆடப்படும் காற்பந்து நாம் அறிந்த ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பல்கலைக்கழக அணிகளில் ஆடும் இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கின்றன. இதனை டிராஃப்ட் என்பர். 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. யார் எத்தனையாவதாக எடுக்கப்படுவார் என்று மாதக் கணக்கில் வல்லுநர்கள் கணித்துக்கொண்டிருப்பார்கள். ஓட்ட வேகம், உயரம், எடை, கையின் அளவு என அனைத்தும் அளக்கப்படும்.

இத்தனை அளவீடுகளுக்குப் பிறகும் என்ன நடந்தது? 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி என்பவர் 199ஆவதாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பின்னர் ஏழு முறை வெற்றியாளர் பட்டம் பெற்றார். 2022இல் பிராக் பர்டி 262ஆவதாக, அதாவது கடைசி ஆளாக எடுக்கப்பட்டார். 2024 பிப்ரவரியில் தம் அணியை இறுதியாட்டத்திற்கே வழிநடத்திச் சென்றார். இவர்களைக் கணித்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் முன் இருந்தவர்கள் இருபது வயதைக் கடந்த, பல்லாண்டுகள் ஆடிக் காட்டிய இளைஞர்கள். அவர்களையே சரியாகக் கணிக்க இயலாதபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி நாம் எவ்வளவு உறுதியாகப் பேச முடியும்?

அந்நாட்டுப் பல்கலைக்கழக அணிகளின் வெற்றியாளர் போட்டியும் நமக்கு ஒரு பாடம் தருகிறது. 2023ஆம் ஆண்டுப் பருவம்வரை அதில் நான்கு அணிகளுக்கு மட்டுமே இடம். அவற்றை ஒரு தேர்வுக் குழு முடிவு செய்தது. அவ்வாண்டு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றிருந்தது. முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் காயமுற்றிருந்ததால், அவரின்றி அவ்வணி முன்போல் வலுவாக இராது என்று கருதப்பட்டு விலக்கப்பட்டது. ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா அணிக்கு இடம் கிடைத்தது. பின்னர் நடந்த வேறோர் ஆட்டத்தில், பல முன்னணி ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ளாத நிலையில், புளோரிடா 3-63 எனப் படுதோல்வி கண்டது. “பார்த்தீர்களா, எங்கள் கணிப்பே சரி” என்று சிலர் கூறினர். வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள் மனம் தளர்ந்து பின்வாங்கிய பிறகு எடுத்த மதிப்பெண், தேர்வின் நேர்மைக்குச் சான்றாகுமா?

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் இடங்கள் 12ஆக உயர்த்தப்பட்டன. அந்த முதல் போட்டியிலேயே பட்டம் வென்றது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணி. தேர்வுக் குழுவின் தரவரிசையில் அது ஆறாம் இடத்தில் இருந்தது. பழைய விதி நீடித்திருந்தால் அவ்வணி போட்டிக்குள்ளேயே நுழைந்திராது. வாயிலை அகலப்படுத்தியதால்தான் வெற்றியாளர் யார் என்பது தெரியவந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கு டிராஃப்ட் முறை கிடையாது. ஆனால், அதைவிடக் குறைந்த வயதில் ஒரு தேர்வு நடைபெறுகிறது. 1996இல் தோற்றுவிக்கப்பட்ட புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி போன்றவற்றில் படிவம் ஒன்றில் சேர வேண்டுமாயின், தொடக்கப்பள்ளிப் பருவத்திலேயே திறன் வெளிப்பட்டிருக்க வேண்டும். 2014இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும், அதன் சிகரமாகப் பகாங் கம்பாங்கில் அமைந்த மொக்தார் டஹாரி கழகமும் இளம் வயதிலேயே ஆட்டக்காரர்களைத் தேடுகின்றன. தேடுவது நன்று. ஆனால், தேடுபவரின் கண்ணில் நம் பிள்ளை படுவதற்கு முன்பே அவனை விலக்கி விடுபவர்கள் பெரும்பாலும் நாமே.

எப்படி என்கிறீர்களா? முதலாவது, பிறந்த மாதம். நம் பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டே வகுக்கப்படுகிறது. சனவரியில் பிறந்தவனும் திசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. அந்த வயதில் பதினொரு மாத வளர்ச்சி என்பது தோளிலும் காலிலும் கண்கூடாகத் தெரியும். பெரிய உருவத்தைத் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுக்கிறோம். தேர்வானவன் மேலும் பயிற்சி பெறுகிறான். விலக்கப்பட்டவன் திடலோரம் அமர்ந்து தண்ணீர்ப் புட்டிகளைக் காக்கிறான். கனடாவின் பனிக்கட்டி ஹாக்கி ஆட்டக்காரர்களிடையே ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இளையோர் காற்பந்திலும் இப்போக்கு பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

இரண்டாவது, எண்ணிக்கை. 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளி குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. நம் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. ஆண் பிள்ளைகள் அனைவரையும் ஒன்றுதிரட்டினாலும் ஒரு முழு அணி தேறாத பள்ளிகள் உண்டு. அணி இல்லையேல் மாவட்டப் போட்டி இல்லை. மாவட்டப் போட்டி இல்லையேல் தேர்வாளர் பார்வை இல்லை. திறமை இருந்தும் பார்க்கப்படாமல் போகும் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

மூன்றாவது, ஆறாம் ஆண்டோடு அறுந்துபோகும் தொடர்பு. தமிழ்ப்பள்ளி தொடக்கப்பள்ளியோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் புதிய ஆசிரியர், புதிய மொழிச்சூழல், நூற்றுக்கணக்கான புதிய முகங்கள். அங்கு தானே முன்வந்து பெயர் கொடுக்கத் தயங்கும் தோட்டத்துப் பிள்ளை, ஆட்டத்தையே கைவிடுகிறான்.

பெற்றோரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உள்நாட்டு லீக்கில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள நிலுவை என்னும் செய்தியை நாம் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். பந்தை மட்டும் நம்பி வாழ்க்கை அமையாது என்பது உண்மையே. ஆயினும், யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின்னரும், பிரத்தியேக வகுப்புக்காகத் திடலை முற்றிலும் மறுப்பது ஏன்? வாரத்தில் இரு மாலைப் பொழுதுகள் படிப்பைக் கெடுத்துவிடா.

நம் இனத்தவர் இத்துறையில் சாதித்தது கொஞ்சமன்று. கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை நாடு இன்றும் நினைவுகூர்கிறது. பயிற்றுநர் கே. ராஜகோபால் 2009இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010இல் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தையும் நாட்டிற்குப் பெற்றுத் தந்தார். 2017 சீ விளையாட்டு அரையிறுதியில் இந்தோனேசியாவுக்கு எதிராக ஒரே கோலை அடித்து மலேசியாவை இறுதிக்குக் கொண்டுசென்றவர் என். தனபாலன். இவர்களைப் போன்றோர் நம் பள்ளிகளில் இனி இல்லை என்று எவரும் துணிந்து சொல்ல முடியாது.

ஆகவே, சில வேண்டுகோள்கள். பள்ளி அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் பெயர்ப்பட்டியலில் பிறந்த மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டிறுதியில் பிறந்தவர்களை இருமுறை பாருங்கள். அண்டைத் தோட்டப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து வாரம் ஒரு முறை ஒரே திடலில் பயிற்சி நடத்தலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் போக்குவரத்திற்கு உதவலாம். ஆறாம் ஆண்டு முடிந்ததும், பந்தில் ஆர்வமுள்ள ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் இடைநிலைப்பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை பதினாறு வயதை எட்டும்வரையாவது ஆட விடுங்கள். அதுவரை பாடநூலும் பந்தும் ஒரே பையில் இருக்கட்டும்.

எந்த அணி கிண்ணத்தை வெல்லும் என்று நாம் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆரூடம் சொல்லலாம். பிள்ளைகளின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு முன் மட்டும் சற்றே பொறுப்போம்.

அன்புடன்,
தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்