வில்லன் இல்லாத சோயா

எங்க குழித்துறையில் போய் 'சோயா எண்ணெய் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஏன் சாரே, வீட்ல தேங்காயெண்ணெய் தீந்து போச்சா?' என்று கடைக்காரர் அனுதாபப்படுவார். ஆனாலும் நாம் எல்லாருமே சோயா பார்ட்டிகள்தான். நீங்கள் ஆம்லெட் போட்ட நாமக்கல் முட்டை இருக்கிறதே, அந்தக் கோழிக்குப் புரதம் பெரும்பாலும் சோயாப் புண்ணாக்கிலிருந்துதான்.

சோயாவில் எண்ணெய் சுமார் 20 சதவீதம், புரதம் 40. கூடவே ஒரு வில்லன்: கூனிட்ஸ் டிரிப்சின் தடுப்பான். புரதத்தை ஜீரணிக்க வரும் டிரிப்சினை, ஆபீஸ் ஃபைல் மாதிரி நகரவிடாமல் உட்கார வைத்துவிடும். அதனால் நன்றாக வேகவைத்தே தின்ன வேண்டும். தீவன ஆலைக்கு விறகுச் செலவு. ரொம்ப வறுத்தாலோ, புரதமே கெட்டுப்போகும்.

இந்தூர் சோயா ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த வில்லனே பிறக்காத விதையைக் கொண்டுவந்தார்கள்: என்.ஆர்.சி. 127. 2018-ல் வெளியானது. ஜீனை வெளியிலிருந்து திணிக்கிற வேலையில்லை; பழைய பாணி ஒட்டுக் கலப்புதான். நாற்றிலேயே டி.என்.ஏ. அடையாளம் பார்த்துப் பொறுக்கினார்கள். அடுத்து வந்த 142-ல், பச்சை வாடை கிளப்பும் ஒரு நொதியும் அவுட். 147-ல், ஆலிவ் எண்ணெய்க்குப் பேர் வாங்கித் தந்த ஓலீயிக் அமிலம் சுமார் 42 சதவீதம்; சாதா சோயாவில் ஏறக்குறைய பாதிதான். இந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

எல்லாம் சரி, விவசாயி ஏன் இதை விதைக்கணும்? மண்டித் தராசு எடையைத்தான் பார்க்கும், குணத்தை அல்ல. மற்ற சோயாவோடு ஒரே குவியலில் கொட்டினால், பத்து வருஷ ஆராய்ச்சியும் கோவிந்தா. தனி மூட்டை, தனி விலை வேணும்.

விதைக்குள் இருந்த வில்லனை விஞ்ஞானி எடுத்துவிட்டார். தராசில் உட்கார்ந்திருப்பவரை யார் சார் எடுப்பது?