அறிவுரை சொன்னால் வெண்ணெய் குறையுமா?

'உப்பைக் குறைங்க, வெண்ணெயைக் குறைங்க, சிகரெட்டை விடுங்க...' டாக்டர்கள் சொல்லாத அறிவுரையா? தலையாட்டிவிட்டு வீடு திரும்பினால், கடையில் கிடைப்பதும் அடுப்பில் வேகுவதும் பழையபடியேதான் இருக்கும். பிறகு பழக்கம் மட்டும் எப்படி மாறும்?

இதற்கு ஒரு மாகாணமே பதில் சொல்லியிருக்கிறது. பின்லாந்தின் கிழக்கே இருக்கும் வட கரேலியா!

1960-களில் உலகிலேயே இதயநோய் மரணங்கள் மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. உழைக்கும் வயது ஆண்களே மாரடைப்பில் சரிந்தார்கள். 'ஏதாவது செய்யுங்கள்' என்று 1971-ல் அந்த மாகாணத்துப் பிரதிநிதிகள் அரசிடம் மனு கொடுத்தார்கள். 1972-ல் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற டாக்டர் பெக்கா புஸ்கா அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர்.

நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று அவரது குழு காத்திருக்கவில்லை. 'மார்த்தா' என்ற இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து கிராமங்களில் விருந்து நடத்தியது. ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான உணவையே கொழுப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். சாசேஜ் தயாரிப்பவர்களிடம் பேசி, அதிலும் கொழுப்பைக் குறைக்க வைத்தார்கள்.

'வெண்ணெய் விற்காவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது?' என்று பால் பண்ணைக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! அந்தக் குளிர் மண்ணிலும் நன்றாக விளையும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட அவர்களுக்கு உதவி கிடைத்தது. 1976-ல் பின்லாந்து அரசு புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டமும் கொண்டுவந்தது.

பலன்? சுமார் 35 ஆண்டுகளில், அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணங்கள் 80 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தன. நவீன சிகிச்சைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் மூன்றும் குறைந்ததுதான் பெரிய காரணம்.

1986-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலக சுகாதார மாநாடும் இதைத்தான் வலியுறுத்தியது. ஆரோக்கியம் சுகாதாரத் துறையின் வேலை மட்டும் அல்ல. விவசாயம், வணிகம், கல்வி என எல்லாத் துறைகளுக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது. நல்லதைத் தேர்ந்தெடுப்பது மக்களுக்குச் சுலபமாக இருக்க வேண்டும்.

ஆகவே, 'அவருக்கு வாயைக் கட்டத் தெரியலை' என்று யாரையாவது குறை சொல்லும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வேலை பார்க்கும் இடத்து கேன்டீனில் என்ன கிடைக்கிறது? தெருமுனைக் கடையில் எது மலிவு? மாற்றத்தை அங்கிருந்தும் தொடங்கலாம்!