வரைபடம்தான் இலவசம், வியாபாரம் அல்ல

வடிவமைப்பை ஊருக்கே திறந்து கொடுப்பவன் கடையை மூட வேண்டியதுதான் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கினார். தன் பாகங்கள் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் முப்பரிமாண அச்சு இயந்திரம் அது. வரைபடம் எல்லோருக்கும் பொது. அதை எடுத்துச் செப்பனிட்ட செக் இளைஞர் யோசஃப் புரூஷா, 2012இல் பிராகில் நிறுவனம் தொடங்கினார். அங்கே நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் வரிசையாக நின்று, விற்பனைக்குப் போகும் இயந்திரங்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களை அச்சிடுகின்றன. ஒரு பாகத்தில் குறை தெரிந்தால் கோப்பைத் திருத்தினால் போதும். பல லட்சம் செலவழித்துப் புது 'டை' (வார்ப்பு அச்சு) வெட்ட வேண்டாம்.

அதே ரெப்ராப் மரபில் 2009இல் நியூயார்க்கில் பிறந்த மேக்கர்பாட், 2012இல் தன் வடிவமைப்பைப் பூட்டி வைத்துக்கொண்டது. மறு ஆண்டே 40 கோடி டாலருக்கு விலைபோனது உண்மை. 2015இல் ஆட்குறைப்பு செய்ததும் உண்மை. பூட்டு காப்பாற்றவில்லையே!

நகல் பயம் பொய் என்று சொல்லவில்லை. உழைப்பை எடுத்துக்கொண்டு எதையும் திருப்பித் தராதவர்களைப் பற்றி 2023இல் புரூஷாவே குறைபட்டார். இன்னொரு வரம்பும் உண்டு: மேசைமேல் வைக்கும் அச்சு இயந்திரம் பத்து, நூறு செய்யும். லட்சம் என்றால் பெரும்பாலும் பழைய தொழிற்சாலைதான்.

ஆனாலும் சாம்பார் செய்முறை தெரிந்தவர்கள் எல்லாம் ஓட்டல் நடத்துவதில்லை. வாடிக்கையாளர் காசு கொடுப்பது கைப்பக்குவத்துக்கு, உதிரிபாகத்துக்கு, கூப்பிட்டால் பதில் சொல்லும் ஆளுக்கு.